ஆயாம்மாக்களின் நெடுஞ்சாலை

திருச்சிக்குக் கிழக்கே, தஞ்சாவூர் சாலையில், காட்டூரை ஒட்டி இருக்கிறது பாப்பாக்குறிச்சி. 1982 ஜூலை 1 அன்று எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கிவைத்த ஊர். திருச்சிக்குத் திரும்பி, தெற்கே 135 கிலோமீட்டர் போனால் மதுரை. அங்கே சிம்மக்கல்லில், ஆதிமூலம் மாநகராட்சித் தொடக்கப் பள்ளியில், 2022 செப்டம்பர் 15 அன்று மு.க.ஸ்டாலின் காலை உணவுத் திட்டத்தைத் தொடங்கினார். தூத்துக்குடிச் சாலையில் இன்னும் 100 கிலோமீட்டர் போல இறங்கினால் எட்டயபுரம். காமராஜரின் மதிய உணவுத் திட்டம் 1956-ல் அங்கிருந்துதான் புறப்பட்டது.

மூன்று ஊர்களும் ஏறக்குறைய ஒரே தடத்தில் இருப்பதை வரைபடத்தில் பார்த்தபோதே, பஸ் ஏறிப் போய்ப் பார்த்துவிட வேண்டும் என்று தோன்றியது. தலைவர்களைப் பற்றி எழுதுவதற்கு ஆள் குறைவில்லை. அவர்கள் போட்ட கையெழுத்தை அன்றாடம் சோறாக்கி, குழம்பாக்கி, அழுகிற பிள்ளையைத் தூக்கி, மூக்கைத் துடைத்து, வகுப்பில் உட்கார வைக்கிற பெண்களைப் பார்க்கத்தான் நான் போனேன். ஆயாம்மா, சத்துணவு டீச்சர், சமையல்காரம்மா என்று பிள்ளைகள் கூப்பிடுகிற அவர்களில் பலர், தங்கள் பெயரையும் ஊரையும் எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள். அதிகாரிகளிடம் பதில் சொல்ல வேண்டியிருக்குமே என்ற கவலை. அதனால் இந்தக் கட்டுரையில் சாலைக்குப் பெயர் உண்டு, பள்ளிகளுக்கு இல்லை.

திருச்சிப் பக்கத்து அங்கன்வாடி ஒன்றுக்குக் காலை எட்டரைக்குப் போனேன். கதவு திறந்திருந்தது, உள்ளே யாரும் இல்லை. வாசல் தெளித்து, தரை துடைத்து, ஈரம் காயாமல் இருந்தது. ஆயாம்மா தெருவுக்குள் போயிருந்தார். சற்று நேரத்தில் இடுப்பில் ஒன்று, கையில் இரண்டு, பின்னால் சேலையைப் பிடித்தபடி ஒன்று என்று வந்து சேர்ந்தார். அம்மாக்கள் விடியற்காலையிலேயே களையெடுக்கவும் கட்டட வேலைக்கும் போய்விடுகிறார்கள். பிள்ளையைக் கொண்டுவந்து விட யாரும் இல்லாத வீடுகள் எவை என்று அவருக்குத் தெரியும். அந்த வீடுகளுக்கு அவரே போய்விடுவார். “வரலைன்னா போய்த் தூக்கிட்டு வந்துடுவேன் தம்பி. அங்க இருந்தா மதியம் வரைக்கும் ஒண்ணும் திங்காது.”

வந்ததும் முதல் வேலை முகம் கழுவுவது. சுவரோரம் ஒரு கட்டைப் பை மாட்டியிருந்தது. அதற்குள் துவைத்து மடித்த பழைய கால்சட்டைகள், கவுன்கள். பேரன் போட்டுக் கழித்தவை, அக்கம்பக்கத்தில் கேட்டு வாங்கியவை. அன்று காலை அதிலிருந்து இரண்டு கால்சட்டைகள் வெளியே வந்தன. நனைத்துக்கொண்ட பிள்ளையை அவர் திட்டவில்லை, மற்றப் பிள்ளைகள் பார்க்கும்படி நிறுத்தவும் இல்லை. பேச்சுக் கொடுத்துக்கொண்டே கொல்லைப்புறம் கூட்டிப்போய், மாற்றிவிட்டு, கூட்டிவந்து அதே இடத்தில் உட்கார வைத்தார். அந்தப் பை எந்தப் பதிவேட்டிலும் ஏறாது.

பணியாளரான டீச்சர் கைபேசியோடு போராடிக்கொண்டிருந்தார். அவர்மீது குற்றம் இல்லை. 2021-ல் வந்த போஷன் டிராக்கர் செயலியில் வருகை, எடை, உயரம் எல்லாம் ஏற வேண்டும். இணை உணவு வாங்க வருகிற கர்ப்பிணிகளின் முகத்தைப் படம் பிடித்துச் சரிபார்க்க வேண்டும். சிக்னல் கிடைக்காவிட்டால் முற்றத்தில் வந்து நிற்க வேண்டும். அவர் முற்றத்தில் நின்ற நேரமெல்லாம் உள்ளே பாட்டு நடந்தது, கதை நடந்தது, வண்ணம் சொல்லிக்கொடுப்பது நடந்தது. நடத்தியவர் ஆயாம்மா. அடுப்பில் பருப்பு வெந்துகொண்டிருந்தது. ஒரு காது விசில் பக்கம், ஒரு காது பிள்ளைகள் பக்கம். தமிழ்நாட்டின் 54,000-க்கும் மேற்பட்ட அங்கன்வாடி மையங்களில், முதல் வகுப்புக்கு முந்தைய படிப்பில் ஒரு பங்கை இப்படி உதவியாளர்கள் சுமக்கிறார்கள் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. அவர்களுக்கான சிறப்புக் காலமுறை ஊதியம் 4,100 ரூபாயில் தொடங்குகிறது.

“ராத்திரி சாப்பிடாத புள்ளைய எப்படிக் கண்டுபிடிப்பீங்க?” என்று கேட்டேன்.

“அதுங்க ஓடாது தம்பி. வந்ததும் உக்காந்துடும். மத்தது எல்லாம் ஓடும்.”

அப்படி உட்கார்ந்திருந்த ஒரு பெண் பிள்ளைக்குப் பத்து மணி ஆகும் முன்பே சத்துமாவை வெந்நீரில் பிசைந்து உருட்டிக் கொடுத்தார். மத்தியானம் சோறு போடும்போது அந்தப் பிள்ளைக்குத்தான் முதல் தட்டு.

1982-ல் சத்துணவுத் திட்டம் தொடங்கியபோது, கணவனை இழந்தவர்களுக்கும் கைவிடப்பட்ட பெண்களுக்கும் வேலையில் முன்னுரிமை கிடைத்தது. முதலில் கிராமங்கள், அந்த ஆண்டு செப்டம்பரிலேயே நகரங்கள், 1984-ல் 15 வயது வரையான மாணவர்கள் என்று திட்டம் விரிந்தது. கிராமத்து ஏழைப் பெண் அரசுப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுச் சம்பளம் வாங்கிய முதல் தலைமுறை அநேகமாக அவர்கள்தான். அப்போது இருபதுகளில் இருந்தவர்கள் இப்போது அறுபதைத் தாண்டிவிட்டார்கள். அப்படி ஓய்வுபெற்ற ஒருவரைக் காட்டூர்ப் பக்கம் சந்தித்தேன். புருஷன் இறந்த வருஷமே வேலைக்குச் சேர்ந்தவர். “அந்தச் சம்பளத்துலதான் ரெண்டையும் படிக்க வச்சேன். வேற வழி கிடையாது” என்றார். அவர் காலத்து ஊழியர்களுக்கு மாதச் சிறப்பு ஓய்வூதியம் பல ஆண்டுகள் 2,000 ரூபாயாகவே நின்றது. மாத்திரைக்கே அது போதவில்லை என்று, குறையாக இல்லாமல் ஒரு தகவலாகச் சொன்னார். பணிக்கொடையைப் பொறுத்தவரை, 2022 ஏப்ரல் 25 அன்று உச்ச நீதிமன்றம் குஜராத் அங்கன்வாடிப் பெண்கள் தொடுத்த வழக்கில் ஒரு தீர்ப்புச் சொன்னது: பணியாளர்களும் உதவியாளர்களும் பணிக்கொடைச் சட்டத்துக்கு உட்பட்டவர்களே. அங்கன்வாடிகளை நடத்தும் ஐ.சி.டி.எஸ். திட்டம் 1975-ல் தொடங்கியது. இதைச் சொல்ல வைப்பதற்கு 47 ஆண்டுகள் ஆகியிருக்கின்றன.

திருச்சியிலிருந்து மதுரை பஸ். விராலிமலை தாண்டும்போது வெயில் ஏறிவிட்டது. துவரங்குறிச்சி, கொட்டாம்பட்டி, கிரானைட் வெட்டிய குன்றுகள், பிறகு மேலூர். அங்கேயே இறங்கிவிட்டேன். மறுநாள் விடிகாலையில் காலை உணவு சமைப்பதைப் பார்க்க ஒரு ஊராட்சிப் பள்ளியில் அனுமதி கிடைத்திருந்தது. மதுரை நகரத்துப் பள்ளிகளுக்கு ஒருங்கிணைந்த சமையல் கூடத்திலிருந்து வேனில் உணவு போகிறது. கிராமங்களில் பள்ளியிலேயே சமைக்க வேண்டும்.

ஐந்தரை மணி இருட்டில் மகளிர் குழுப் பெண்கள் இருவர் சமையலறையைத் திறந்தார்கள். அன்று பொங்கலும் சாம்பாரும். ஒருவர் அரிசியையும் பாசிப்பருப்பையும் களைய, மற்றவர் கேரட்டையும் பீன்ஸையும் பிள்ளைகள் ஒதுக்கிவைக்க முடியாத அளவுக்குப் பொடியாக நறுக்கினார். மிளகைக் கொரகொரப்பாகத் தட்டினார்கள். முழு மிளகு போட்டால் தட்டின் ஓரத்தில் வரிசையாக மிஞ்சும் என்பது அனுபவத்தில் கற்றது. தேக்சாவில் பொங்கல் இறுகிவரும்போது அடுப்பை அணைத்துவிட்டு, ஒரு செம்பு வெந்நீரை ஊற்றிக் கிளறினார்கள். எட்டு மணிக்குப் பரிமாறுகிறபோது குழைவாக இருக்க வேண்டும். இப்போதே சரியாக இருந்தால் அப்போது கட்டியாகிவிடும். பிறகு சாம்பாரைத் தாளித்து, வேலை முடிந்த விவரத்தைச் செயலியில் பதிந்து, தலைமையாசிரியர் வந்து ருசி பார்த்த பிறகு வரிசை.

இவர்கள் அரசு ஊழியர்கள் அல்லர். சுய உதவிக் குழு உறுப்பினர்கள். அதே பள்ளியில் தங்கள் பிள்ளை படிக்க வேண்டும் என்பது நிபந்தனை. திட்டத்தின் நல்ல யோசனைகளில் ஒன்று இது. தன் பிள்ளையும் அந்த வரிசையில் நிற்கும்போது யாரும் அலட்சியமாகச் சமைக்க மாட்டார்கள். அதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. “பெரியவ அஞ்சாப்பு முடிச்சிட்டாண்ணா, அவளோட சேத்து எனக்கும் டி.சி.தான்” என்று சொல்லிச் சிரித்தார் மூத்தவர். “அதுக்குள்ள சின்னவன் ஒண்ணாப்புச் சேந்துட்டான். தப்பிச்சேன்.”

முதல் கட்டத்தில் 1,545 பள்ளிகளில் தொடங்கிய காலை உணவு, 2023 ஆகஸ்ட் 25 அன்று திருக்குவளையிலிருந்து மாநிலத்தின் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும், 2024 ஜூலை 15 முதல் ஊரகப் பகுதி அரசு உதவி பெறும் பள்ளிகளுக்கும் போனது. இந்த எண்களை மேடைகளில் கேட்டிருக்கிறோம். மேடைகளில் கேட்காத ஒன்றை அந்தப் பள்ளியின் ஒன்றாம் வகுப்பு ஆசிரியை சொன்னார்: முதல் பாடவேளையில் தலையைச் சாய்த்துப் படுக்கிற பிள்ளைகள் இப்போது இல்லை. முன்பு காலைக் கூட்டத்தில் நிற்கும்போதே ஒன்றிரண்டு மயங்கி விழும். தண்ணீர் தெளித்து, டீயும் பிஸ்கட்டும் வாங்கிக் கொடுத்து உட்கார வைப்பார்களாம். இப்போது ஒன்பதரைக்குப் பாடத்தைத் தொடங்க முடிகிறது. அந்த ஆசிரியையின் பாடம் பிள்ளைகளுக்குள் இறங்குவதற்கு, இருட்டில் எழுந்த அந்த இரண்டு பெண்களும் காரணம்.

ஒவ்வோர் ஆண்டும் செப்டம்பர் 5 அன்று நல்லாசிரியர் விருது கொடுக்கிறோம். கொடுக்க வேண்டியதுதான். அதே மேடையில் ஒரு சமையலரும் ஓர் அங்கன்வாடி உதவியாளரும் நின்றால் அந்த விருதின் மதிப்புக் கூடுமே தவிரக் குறையாது. ஆண்டுவிழாவில் வார்டு உறுப்பினர் வரைக்கும் பொன்னாடை போர்த்துகிற பள்ளிகளில், சமையலறைப் பக்கம் அந்தத் துண்டு போகாததை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். அன்றைக்குப் பாத்திரம் தேய்த்து விருந்தினருக்குக் காபி கொண்டுவருகிறவர் அந்தச் சமையலறைப் பெண்தான்.

மதுரை மாட்டுத்தாவணியில் அருப்புக்கோட்டை பஸ். காரியாபட்டி தாண்டியதும் மண் கறுக்கத் தொடங்குகிறது. சாலையின் இருபுறமும் சீமைக்கருவேலம். இந்தச் சாலையோரத்து நடுநிலைப் பள்ளி ஒன்றில்தான் இந்தப் பயணத்தில் நான் மறக்க முடியாத ஒன்றைப் பார்த்தேன்.

மூளை முடக்குவாதம் உள்ள பையன். பத்து வயது இருக்கும். ஆட்டோ வாசலில் வந்து நின்றதும், சமையல் உதவியாளரான அம்மா கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு ஓடிவந்தார். பையன் இரு கைகளையும் அவர் கழுத்தில் போட்டுக்கொண்டான். அவர் ஒரு கையை அவன் முதுகிலும் மற்றதை முழங்காலுக்கு அடியிலும் கொடுத்துத் தூக்கி, வகுப்புக்குக் கொண்டுபோய், சன்னலோரம் இருந்த மர நாற்காலியில் உட்கார வைத்தார். இடுப்பில் ஒரு துண்டைச் சுற்றி நாற்காலியோடு கட்டினார். இறுக்கிக் கட்டினால் அவனுக்கு மூச்சு முட்டும், தளர்த்தினால் வழுக்கி இறங்கிவிடுவான். கட்டிய பிறகு இரண்டு விரலை உள்ளே விட்டுப் பார்த்தார். இரண்டு விரல் போக வேண்டும், மூன்று போகக் கூடாது. வட்டார வள மையத்திலிருந்து வரும் சிறப்புப் பயிற்றுநர் காட்டிக்கொடுத்ததாம்.

அந்தப் பயிற்றுநர் நல்லவர், அக்கறையுள்ளவர் என்று எல்லோரும் சொன்னார்கள். அவருக்குக் கீழே பல பள்ளிகள் இருக்கின்றன. வீட்டைவிட்டு வெளியே வர முடியாத பிள்ளைகளின் வீடுகளுக்கும் அவர் போக வேண்டும். தொடக்க வகுப்புகளில் சிறப்புத் தேவையுள்ள 10 மாணவர்களுக்கு ஒரு சிறப்பாசிரியர், அதற்கு மேல் 15 பேருக்கு ஒருவர் என்ற விகிதத்தை 2021 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் வலியுறுத்தியது. அந்த விகிதம் இந்தப் பள்ளி வாசலுக்கு வந்து சேரும்வரை, பையனைக் கழிப்பறைக்குத் தூக்கிப்போவதும், சோற்றை மசித்து ஊட்டுவதும், எச்சில் வழிந்தால் துடைப்பதும் இந்த அம்மாவின் பொறுப்பு. அவருடைய பணி விவரத்தில் இதில் ஒன்றும் இல்லை. யாரும் சொல்லவும் இல்லை. அவன் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த வாரத்தில், அவன் அம்மா கூலிக்குப் போகாமல் வராந்தாவிலேயே உட்கார்ந்திருந்ததைப் பார்த்துவிட்டு, “நீ போ தாயி, நான் பாத்துக்கிடுதேன்” என்று சொல்லியிருக்கிறார். அன்றிலிருந்து பார்த்துக்கொள்கிறார்.

நான் போன அன்று கணக்குப் பாடம். ஆசிரியர் கேட்ட கேள்விக்குப் பையன் ஏதோ சொன்னான். எனக்குப் புரியவில்லை, ஆசிரியருக்கும் முழுதாகப் புரியவில்லை. வராந்தாவில் அரிசி புடைத்துக்கொண்டிருந்த சமையல் உதவியாளர் அம்மா தலையைத் தூக்காமலே, “முப்பத்தாறுங்கான் சார்” என்றார். விடை சரி.

அருப்புக்கோட்டை, பந்தல்குடி தாண்டி எட்டயபுரம். கரிசல் காட்டில் மக்காச்சோளமும் உளுந்தும் நின்றன. பாரதி பிறந்த வீட்டுக்கும் மணிமண்டபத்துக்கும் போய்விட்டு வந்தேன். காமராஜர் மதிய உணவைத் தொடங்க, பசியைப் பாடிய கவிஞரின் இந்த ஊரைத் தேர்ந்தது பொருத்தம்தான். கல்வித் துறை இயக்குநர் நெ.து.சுந்தரவடிவேலுவோடு அவர் அன்று ஊர் ஊராகப் போய் மக்களிடம் அரிசியும் பணமும் கேட்டார். அந்தந்த ஊர் கொடுத்து, அந்தந்த ஊர்ப் பெண்கள் ஆக்கிப் போட்ட சோறு அது.

எட்டயபுரத்துக்குப் பக்கத்தில் உசிலம்பட்டி என்றொரு சிற்றூர். 2023 செப்டம்பரில் அங்கே காலை உணவு சமைக்கத் தலித் பெண் ஒருவர் வந்ததும், பிள்ளைகள் சாப்பிடாமல் இருந்தார்கள். பிள்ளைகளுக்கு அந்த வயதில் அது தானாகத் தெரியாது. வீட்டில் சொல்லி அனுப்பியது. அமைச்சரும் நாடாளுமன்ற உறுப்பினரும் அதிகாரிகளும் வந்து பேசி, பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிட்டார்கள். அதற்கு ஐந்து ஆண்டு முன்பு, 2018-ல், அவினாசிப் பக்கம் திருமலைக்கவுண்டன்பாளையத்தில் தலித் சமையலர் ஒருவர் சமைக்கக் கூடாது என்று ஊரார் நின்றபோது, முதலில் அந்தப் பெண்ணைத்தான் இடம் மாற்றினார்கள். போராட்டம் எழுந்த பிறகே அந்த உத்தரவு ரத்தானது. சமைத்த உணவைப் பள்ளிகளில் கட்டாயமாக்கிய உச்ச நீதிமன்றம், 2004-ல் சமையலர் நியமனத்தில் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் முன்னுரிமை தரச் சொன்னது. அந்த வரியைச் சட்டப் புத்தகத்திலிருந்து சமையலறைக்குக் கொண்டுவந்தவர்கள், தங்கள் கரண்டியைக் கீழே வைக்காமல் மறுநாளும் வேலைக்கு வந்த இந்தப் பெண்கள். ஊர் வேடிக்கை பார்க்க, முதல் நாள் ஒதுங்கிய அதே பிள்ளைகளுக்கு இரண்டாம் நாள் முகம் கோணாமல் பரிமாறுவதற்கு எவ்வளவு மனத்திடம் வேண்டும்!

எட்டயபுரத்திலிருந்து கொஞ்சம் தள்ளி ஒரு சத்துணவு மையம். நாமக்கல் முட்டை வெந்து தொட்டித் தண்ணீரில் கிடந்தது. சமையல் உதவியாளர் தொட்டிக்குள் கையை விட்டு முட்டைகளை லேசாக ஒன்றோடொன்று மோதவிட்டார்; ஓடு விரிந்து தண்ணீர் உள்ளே புகுந்ததும் உரிப்பது சுலபம். பேச்சு நடக்கும்போதே ஒரு கூடை முடிந்தது. ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளின் முட்டையை மட்டும் நாலாகப் பிய்த்து வைத்தார். முழுதாகக் கொடுத்தால் மஞ்சள் கரு தொண்டையில் நின்று விக்கும்.

தமிழ்நாட்டில் 43,000-க்கும் மேற்பட்ட சத்துணவு மையங்கள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் அமைப்பாளர், சமையலர், உதவியாளர் என மூன்று பேர். நான் போன இடத்தில் ஒருவர்தான் இருந்தார். அமைப்பாளருக்கு மூன்று மையங்கள் பொறுப்பு. சமையலர் ஓய்வுபெற்ற பிறகு யாரும் வரவில்லை. 2024 டிசம்பரில் 8,997 சமையல் உதவியாளர்களை நியமிக்க அரசாணை வந்தது: முதல் ஓராண்டு மாதம் 3,000 ரூபாய் தொகுப்பூதியம், அதன்பின் சிறப்புக் காலமுறை ஊதியம். மத்திய அரசு ஒரு சமையலருக்குக் கணக்கிடும் மதிப்பூதியமோ 2009 டிசம்பரிலிருந்து மாதம் 1,000 ரூபாய்; அதுவும் ஆண்டுக்கு 10 மாதம். அந்த 2009-ல் இருந்த விலையில் இன்று எதையும் வாங்க முடியாது.

“உங்களுக்கு என்னம்மா செய்யணும்? பாராட்டு விழா, சான்றிதழ் மாதிரி ஏதாவது…” என்று கேட்டேன்.

முட்டை உரிக்கும் கை நிற்கவில்லை. “குடுத்தா வாங்கிக்கிடுவோம் சார், வேண்டாம்னா சொல்லப் போறோம். ஆனா முதல்ல சமையலர் போஸ்ட்டுக்கு ஆள் போடச் சொல்லுங்க. எண்பது புள்ளைக்கு ஒத்தையில பானை இறக்க முடியல. தோள் போச்சு. அடுத்து, கேஸ் காசு மாசாமாசம் வரணும். போன தடவை என் கைக்காசுதான். அப்புறம் எங்களை எல்லாரையும் மாதிரிக் காலமுறைச் சம்பளத்துல சேக்கணும். அதுக்குத்தான் வருசா வருசம் கலெக்டர் ஆபீஸ் வாசல்ல உக்காருதோம். எழுதிக்கிடுதீகளா?”

எழுதிக்கொண்டேன். அவர் சொன்ன வரிசையிலேயே.